கையெழுத்துக்கு முன் சொல்லுக்குப் பொருள் தெரிய வேண்டும்

பேகம்பேட்டில் பழைய விமான நிலையத்துக்கு அருகே ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. ராணுவ டாக்டர் ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை முதன்முதலாகக் கண்டது இங்கேதான். அது 1897 ஆகஸ்ட் 20. தம்மைக் கடிக்க விட்ட நோயாளிக்குக் கொசு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் கொடுத்து அவர் ஆராய்ச்சி நடத்தினார். 1902-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மலேரியா என்பது இத்தாலியச் சொல். 'மாலா' என்றால் கெட்ட; 'ஆரியா' என்றால் காற்று. சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றால்தான் காய்ச்சல் வருகிறது என்று நம்பிய காலத்தில் வைத்த பெயர் அது. காற்றுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியவர்கள் கொசுவைச் சந்தேகிக்கவில்லை. உண்மை தெரிந்த பிறகும் பெயர் மட்டும் மாறவில்லை. அந்தக் காய்ச்சலைப் பரப்பும் 'அனோபிலஸ்' கொசுவின் பெயருக்குக் கிரேக்க மொழியில் 'பயனற்றது' என்று பொருள்!

ஆக, ஒரு சொல்லைத் தினமும் சொல்வது வேறு, அதன் பொருளை அறிவது வேறு. பிழைக்க வந்த ஊரில் வங்கி, ஆபீஸ், கம்பெனி எங்கே போனாலும் ஆங்கிலப் பாரம்தான். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் அதிகம். அந்தப் பாரங்களில் அடிக்கடி வரும் சில சொற்களைப் பார்ப்போம்.

ஷ்யூரிட்டி: இதற்கு ஜாமீன் என்று பொருள். "சும்மா ஒரு சாட்சிக் கையெழுத்துதானே, அண்ணே" என்று கடன் வாங்கும் நண்பர் சொல்லலாம். சாட்சி வேறு, ஜாமீன் வேறு. சாட்சி, கையெழுத்திட்டதைப் பார்த்தவர். ஜாமீன்தாரரோ கடனுக்குப் பொறுப்பாளி. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாத வரை, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் அவரிடம் வசூலித்துவிட்டுப் பிறகு என்னிடம் வாருங்கள் என்று சொல்லித் தப்ப முடியாது.

நாமினி: பணத்தைப் பெற்றுக்கொள்ள நியமிக்கப்பட்டவர். நாமினி என்றால் வாரிசு என்றே பலர் எண்ணுகிறார்கள். ஓர் ஆயுள் இன்ஷூரன்ஸ் வழக்கில், இறந்தவரின் மனைவி நாமினி. தாயும் மகனும் பங்கு கேட்டார்கள். நாமினி பணத்தை வாங்கும் கைதான், அது வாரிசுகள் எல்லோருக்கும் உரியது என்று 1983-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2015-ல் இன்ஷூரன்ஸ் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருந்தால் பாலிசிப் பணம் அவர்களுக்கே சொந்தம். வங்கி டெபாசிட்டுக்கு இந்தத் திருத்தம் பொருந்தாது. கல்யாணத்துக்கு முன் தம்பியின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு பாரத்தை மாற்ற மறந்தவர்கள் இன்றே கவனிப்பது நல்லது.

கிராஜுவிட்டி: ஓட்டலில் இந்தச் சொல்லுக்கு சர்வருக்குத் தரும் இனாம் என்று பொருள். தொழிலாளிக்கு அது இனாம் அல்ல, உரிமை. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அதை உறுதி செய்தது. ஐந்தாண்டு தொடர்ந்து வேலை பார்த்து விலகினால், ஓர் ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் கிடைக்கும். தொழிலாளி இறந்தாலோ, உடல் முடமாகி வேலை போனாலோ ஐந்தாண்டுக் கணக்கு வேண்டியதில்லை. இது தெரியாமல் ஊர் திரும்பும் குடும்பத்துக்கு எவ்வளவு நஷ்டம்!

டெமரேஜ், வார்பேஜ்: கூட்ஸ் ஷெட்டில் இரண்டையும் ஒன்றாகவே பேசுவார்கள். 'தங்குதல்' என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது டெமரேஜ். குறித்த நேரத்துக்குள் வேகனைக் காலி செய்யாவிட்டால் வேகனுக்காகக் கட்டும் பணம் அது. இறக்கிய சரக்கு ரயில்வே இடத்திலேயே கிடந்தால் கட்டுவது வார்பேஜ். 'வார்ப்' என்றால் கப்பல் துறை. துறைமுகத்துச் சொற்கள் ரயிலேறி, கடலே இல்லாத சிகந்தராபாத் வரை வந்துவிட்டன. எந்தச் சொல் ரசீதில் இருக்கிறது என்று பார்த்தால்தான் எந்தத் தாமதத்துக்குப் பணம் கேட்கிறார்கள் என்பது விளங்கும்.

சென்னைப் பல்கலைக் கழகம் 1960-களில் வெளியிட்ட ஆங்கிலம் - தமிழ்ச் சொற்களஞ்சியம் போன்ற அகராதி ஒன்று கையருகே இருப்பது பெரிய உதவி. ஆனால் அகராதி பொதுப் பொருளைத்தான் சொல்லும். பாரத்தில் அந்தச் சொல் என்ன பொருளில் வருகிறது என்பது, பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ள நிபந்தனைகளில் இருக்கும். "இதை வீட்டில் படித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன், சார்" என்று கேட்பதில் வெட்கமில்லை. ஒரு நாள் தாமதம் டெமரேஜ் ஆகாது. பொருள் தெரியாமல் போட்ட ஒரு கையெழுத்துக்கு ஆயுள் முழுவதும் வட்டி கட்ட நேரலாம்.