நோயுற்ற நாய்க்கு வீட்டுப் பண்டம்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய நம் கரையோர ஊர்களுக்குக் கிழக்கே கடல். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். விதைப்புத் தொடங்கி அறுவடை முடியுமட்டும் அவ்வயல்களின் காவல் வாடிகளில் இரவைக் கழிப்போர்க்கு உற்ற துணை நாயே. பன்றி வரினும் கட்டாக்காலி மாடு வரினும் முதலில் அறிவிப்பது அதன் குரல்தான். நாயை வீட்டினுள்ளே விடும் வழக்கம் நம்மிடையே இல்லை. ஆயினும் பயிரையும் மந்தையையும் காப்பதற்கு நாய் வளர்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. தாகித்த நாய்க்குக் கிணற்று நீரை முகந்து கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டது என்னும் நபிமொழியை நம் சிறுவரும் அறிவர். ஆகவே, உழைத்து முதுமையடைந்து நோயுற்ற நாய்க்கு எதனை உண்ணக் கொடுப்பது என்பது நாம் சிந்திக்கத் தக்க விடயமேயாகும், நேயர்களே.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்ப வயலின் காவற்காரரான முதியவர் ஒருவர் கலங்கிய முகத்துடன் என்னிடம் வந்தார். பத்து ஆண்டுகளாக அவருடன் வாடியில் வாழ்ந்த நாய் மெலிந்துவிட்டது. அளவின்றி நீர் குடித்தது. அடிக்கடி சிறுநீர் கழித்தது. சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டு விலகியது. கால்நடை வைத்தியரிடம் அதனைக் கொண்டு சென்றோம். இரத்தத்தைப் பரிசோதிப்பித்த அவர், சிறுநீரகங்கள் பெரிதும் பழுதுற்றுவிட்டன என்றும், முற்றாகக் குணப்படுத்த இயலாவிடினும் உணவைத் திருத்தினால் துன்பத்தைக் குறைத்து வாழ்நாளை நீட்டலாம் என்றும் கூறினார். இதுவரை என்ன கொடுத்து வளர்த்தீர்கள் என்று கேட்டார். கருவாட்டுத் தலை, மீன்முள், மீந்த ஆணம் ஊற்றிய சோறு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிய முதியவர், “நான் தின்றதத்தானே ஐயா இதுக்கும் குடுத்த” என்று கண் கலங்கினார். அவைதாம் நோயைக் கொணர்ந்தன என்று சொல்ல முடியாது என்றும், ஆனால் இனி அவை ஆகா என்றும் வைத்தியர் தேற்றினார்.

ஏன் ஆகா? சிறுநீரகம் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் சல்லடை போன்றது. அதன் பெரும்பகுதி பழுதுற்ற பின்னரே நோய்க்குறிகள் வெளிப்படும். அந்நிலையில் புரதம் சிதைவதால் உண்டாகும் யூரியா இரத்தத்திலே தேங்கிக் குமட்டலை உண்டாக்கும். எலும்பு, முள், பால், ஈரல் முதலியவற்றில் மிகுந்துள்ள பொசுபரசும் வெளியேறாது தங்கி, எஞ்சிய சிறுநீரகத்தையும் கெடுக்கும். கருவாட்டின் உப்போ இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும். எனவே அளவான, தரமான புரதமும், குறைந்த பொசுபரசும், உப்பின்மையும் வேண்டும்.

இவ்வுணவு முறை ஒரு வீட்டுச் சமையலறையிலேயே வளர்ந்தது என்பது கேட்க இனியது. அமெரிக்காவில் மோரிஸ் பிராங்க் என்னும் பார்வையற்ற ஒருவர், பட்டி என்னும் வழிகாட்டி நாயின் துணையோடு நடமாடி வந்தார். 1939ஆம் ஆண்டில் அந்நாயைச் சிறுநீரக நோய் பற்றிற்று. நியூஜேர்சி மாநிலத்துக் கால்நடை வைத்தியர் மார்க் மோரிஸ் அதற்கென ஒரு தனியுணவை வகுத்தார். வைத்தியரும் அவர் மனைவியாரும் அதனைத் தம் வீட்டிலேயே சமைத்துக் கண்ணாடிச் சாடிகளில் அடைத்து அனுப்பினர். சாடிகள் வழியில் உடையவே, பின்னர் தகரங்களில் அடைக்கலாயினர். 1948இல் அவ்வுணவை உற்பத்தி செய்யும் பொறுப்பைக் கன்சஸ் மாநிலத்து ஹில் நிறுவனம் ஏற்றது. இன்று கடைகளில் விற்கும் நோய்க்குரிய நாயுணவுகளின் வரலாறு இதுவே.

இனி, நாம் செய்த பண்டத்தைச் சொல்கிறேன். ஒரு கோப்பை வெள்ளை அரிசி மாவுடன் இரண்டு முட்டைகளின் வெண்கருவையும் ஒரு தேக்கரண்டி எண்ணெயையும் சேர்த்து, வேண்டிய அளவு நீர் விட்டுப் பிசைக. உப்பு வேண்டாம், அப்பச்சோடா, பேக்கிங் பவுடர் முதலியனவும் வேண்டாம். விரல்நுனி அளவு உருட்டித் தட்டி, இடியப்பத் தட்டில் வைத்து ஆவியில் அவிக்க. போறணை உள்ளவர்கள் இளஞ்சூட்டில் சுட்டும் எடுக்கலாம். மஞ்சட்கருவை நீக்கி வெண்கருவை மட்டும் சேர்ப்பது ஏனெனில், பொசுபரசு மஞ்சட்கருவிலேயே மிகுதி. வெண்கருவிலோ நல்ல புரதமுண்டு, பொசுபரசு மிகச் சொற்பம்.

நீரிழிவுற்ற நாய்க்கு முறை வேறு. சீனி, கருப்பட்டி, தேன், பேரீச்சம்பழம் எவையும் ஆகா. போஞ்சிக்காயை உப்பின்றி அவித்து நறுக்கி, முள் நீக்கி அவித்த மீனையோ தோல் நீக்கிய கோழி இறைச்சியையோ சிறிது பிசிறிக் கொடுக்கலாம். பண்டத்தைவிட நேரமே இங்கு முக்கியம். இன்சுலின் ஏற்றப்படும் நாய்க்குத் தினந்தோறும் ஒரே நேரத்தில் ஒரே அளவு உணவு வேண்டும். கண்ட வேளையில் கொடுத்தால் மருந்தின் கணக்குத் தவறும். அந்த இன்சுலினையே மனிதர் நாயின் மூலமாகத்தான் பெற்றனர். 1921இல் கனடாவின் டொரன்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர், சதையி அகற்றப்பட்டு நீரிழிவுற்ற நாய்களுக்குச் சதையிச் சாற்றை ஏற்றி அதன் பயனைக் கண்டனர். மறு ஆண்டே அது மனிதருக்குப் பயன்பட்டது. நம் அயலில் இன்சுலின் ஊசியால் உயிர் வாழும் எத்தனையோ பேர் அந்நாய்களுக்குக் கடன்பட்டவர்கள்.

சதையியில் அழற்சி கண்ட நாய்க்குக் கொழுப்பே பகை. தேங்காய்ப்பால், நெய், இறைச்சிக் கொழுப்பு, பொரித்த பண்டம் ஆகியவற்றை அறவே விலக்குக. குழைந்த சோறும் அவித்த வெண்மீனும் அதற்கு ஏற்றவை. உணவு ஒவ்வாமையால் ஓயாது சொறியும் நாய்க்கு, அது முன்னர் உண்டறியாத ஒருவகை இறைச்சியை அல்லது மீனை மட்டும் சுமார் எட்டு வாரம் கொடுத்துச் சோதிப்பர். அக்காலத்தில் பண்டமும் அதே பொருளாலேயே ஆக வேண்டும். ஒரு துண்டு பிஸ்கட்டும் சோதனையைக் கெடுத்துவிடும்.

நோயில்லா நாய்க்கும் ஆகாத பொருள்கள் சில உள. வெங்காயமும் வெள்ளைப்பூண்டும் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். திராட்சை, பச்சையாயினும் உலர்ந்ததாயினும், சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். சொக்லேற் இதயத்தையும் நரம்பையும் தாக்கும். சீனியில்லா இனிப்புகளிற் சேரும் சைலிட்டோல் மிகக் கொடியது. சமைத்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும். இப்போது பெருநாள் புரியாணியை எண்ணிப் பாருங்கள்: வெங்காயம், பூண்டு, நெய், உலர்ந்த திராட்சை, எலும்பு யாவும் ஒரே தட்டில்! நோன்புக் கஞ்சியிலும் வெங்காயமும் பூண்டும் உண்டு. இரக்கத்தோடு நாம் வைக்கும் மிச்சமே தீங்காய் முடியலாம்.

பண்டம் எதுவாயினும், நாளுணவின் சத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது. அது மருந்துமன்று, முழு உணவுமன்று. எந்த நோய் என்பதை வைத்தியரே துணிய வேண்டும். ஒரு நோய்க்கு உகந்தது மற்றொன்றுக்குப் பகையாகலாம். குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். வாடிகளில் அப்பெட்டி ஏது? அங்கே அன்றன்று செய்வதே நன்று. மற்றுமொன்று: இயல்பு மாறி, எச்சில் வடிய, விழுங்க மாட்டாது தவிக்கும் நாய்க்கு ஊட்ட முயலாதீர்கள், அது விசர்நோயாயிருக்கலாம். உடனே அதிகாரிகளுக்கு அறிவியுங்கள். கடிபட்டால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிலே பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவித்தல் நாய் வளர்ப்போர் கடன்.

காவற்காரரின் நாய் முதல் நாள் அப்பண்டத்தைத் தொடவில்லை. மறுநாள் வெதுவெதுப்பாகக் கொடுத்தபோது ஒன்றைத் தின்றது; பிறகு மற்றொன்று. வைத்தியர் சொன்ன உணவோடும் மருந்தோடும் அது மேலும் ஒரு பெரும்போகத்தைக் கண்டது. அறுவடை முடிந்த பின்னரே வாடியின் அருகே கண் மூடியது. தமக்கெனக் கருவாட்டு ஆணம் சமைக்கும் அம்முதியவர், அந்த மாதங்களிலெல்லாம் நாய்க்கென ஒரு சிறு சட்டியைத் தனியே வைத்திருந்தார். பாசம் நம் தட்டில் உள்ளதைப் பகிர்வதோடு முடிவதன்று. பெறுபவரின் உடலுக்கு எது பொருந்தும் என்று கேட்டறிந்து கொடுப்பதே முழுமையான பாசம் என்பதனை, பள்ளிக்கூடத்தில் பல ஆண்டு கற்பித்த நான் அந்தச் சிறு சட்டியிடம் கற்றுக்கொண்டேன்.