பிறந்தநாள் பட்ஜெட்டை மொய் நோட்டில் போடாதீர்கள்

ஒரு விசிட்டிங் கார்டு. அதன் பின்பக்கத்தில் நீல மையில் "ஃபுல் பேக்கேஜ் 85,000, அட்வான்ஸ் 50,000" என்று எழுதி, கீழே ஒரு கையெழுத்து. தேதி கிடையாது. என்னென்ன செய்து தருவார்கள் என்ற விவரமும் கிடையாது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு அந்தக் குடும்பத்திடம் இருந்த ஒரே காகிதம் அதுதான்.

மதுரையில் எங்கள் பகுதி ஆட்களுக்கு நுகர்வோர் புகார் மனு எழுதிக் கொடுப்பது பல வருடங்களாக நான் செய்துவரும் வேலை. இந்தக் கார்டோடு வந்தவர்கள் ஓர் இளம் தம்பதி. கணவர் லோடு வேன் ஓட்டுகிறார், மனைவி ஜவுளிக்கடையில் பில் போடுகிறார். மகளுக்கு முதல் பிறந்தநாள். ஏசி ஹால், பலூன் வளைவு, எல்இடி திரை, போட்டோ, வீடியோ, குழந்தை மேடைக்கு வரும்போது இரண்டு பக்கமும் புகையும் மத்தாப்பும் என்று பேசியிருந்தார்கள். அன்றைக்கு எல்இடி திரை வரவில்லை. வீடியோக்காரரும் வரவில்லை. மத்தாப்பு மட்டும் சொன்னபடி வெடித்தது. அந்தச் சத்தத்தில் குழந்தை வீறிட்டு அழுது அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்தது, பிறகு நிமிரவே இல்லை. போட்டோக்களைக் காட்டினார்கள். கேக் வெட்டும் படத்திலும், தாத்தா மோதிரம் போடும் படத்திலும், உறவினர்கள் வரிசையாக நிற்கும் படத்திலும் தெரிவது குழந்தையின் பின்னந்தலையும் அதில் செருகிய வெள்ளை ரிப்பனும்தான்.

சாப்பாட்டையும் சேர்த்துச் செலவு 1,20,000 ரூபாயைத் தாண்டியிருக்கிறது. அதில் 60,000 மூணு வட்டிக்கு வாங்கியது. மூணு வட்டி என்று சொல்லும்போது சின்னதாகத் தெரியும். நூற்றுக்கு மாதம் மூன்று, வருடத்துக்கு 36 சதவீதம். மாதம் 1,800 வீதம் ஐந்து மாதத்தில் 9,000 கட்டிவிட்டார்கள், அசல் அப்படியே நிற்கிறது.

"மொய் வந்துரும், அதை வச்சு அடைச்சுரலாம்னு நெனச்சோம்ணே" என்றார் அந்தப் பெண்.

மொய் 41,000 வந்திருக்கிறது. சமையல்காரர் பாக்கிக்கும் ஹால் பாக்கிக்கும் அது அன்றிரவே கைமாறிவிட்டது. நான் அந்த மொய் நோட்டை வாங்கிப் புரட்டினேன். 501, 1,001, 2,001 என்று வரிசையாக இருந்தது. அந்த 1,001 ரூபாய்க்காரர் வீட்டில் அடுத்த வருடம் காதுகுத்து. அங்கே 1,001 எழுதினால் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள், 1,501 ஆவது எழுத வேண்டும். ஆக, நோட்டில் இருக்கும் ஒவ்வொரு வரியும் தேதி குறிக்காத ஒரு கடன்.

புதுக்கோட்டை, பேராவூரணி பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து நடத்துகிறார்கள். அங்கே மொய் என்பது திருப்ப வேண்டிய பணம் என்று வைப்பவருக்கும் வாங்குபவருக்கும் தெளிவாகத் தெரியும். கணினியில் பதிந்து ரசீதுகூடக் கொடுக்கிறார்கள். மற்ற ஊர்களில் நாம் அதை அன்பளிப்பு என்று நினைத்துக்கொள்கிறோம், வரவில் எழுதுகிறோம், அதை நம்பிச் செலவு செய்கிறோம். நான் பார்த்த பிறந்தநாள் கடன்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு தவறில் தொடங்கியவை. மொய் வந்தால் வரட்டும், திட்டத்தில் அதற்கு இடம் பூஜ்யம் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

ஒரு வயதுக் குழந்தைக்கு எதுவும் நினைவிருக்காது, அதற்கு ஏன் விழா என்று கேட்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பெற்று, தூக்கம் கெட்டு, காய்ச்சலுக்கு நடுராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடி ஒரு வருடத்தைக் கடந்த அம்மா அப்பாவுக்கும், பேத்தியைப் பார்க்கப் பேருந்து ஏறி வரும் பாட்டிக்கும் அது பெரிய நாள். கொண்டாடுவதில் தப்பே இல்லை. எதை முதலில் எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வழக்கமாக என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போடுகிறோம், கூட்டிப் பார்க்கிறோம், பிறகு பணத்துக்கு அலைகிறோம். தொகையை முதலில் எழுதுங்கள். கையிலும் வங்கியிலும் இருப்பதில் அடுத்த மூன்று மாத வாடகை, மளிகை, ஸ்கூல் ஃபீஸ், ஏற்கெனவே ஓடும் தவணை, மருந்துச் செலவு ஆகியவற்றை ஒதுக்கிவிடுங்கள். மிச்சம் இருப்பதிலிருந்துதான் விழா. என்னைக் கேட்டால் ஒரு குடும்பம் இரண்டு மாதத்தில் சேமிக்க முடிகிற தொகைக்கு மேல் போகக்கூடாது. மாதம் ஐயாயிரம் மிஞ்சுகிற வீட்டுக்குப் பத்தாயிரம். பலருடைய கணக்கையும் பார்த்துப் பார்த்து நான் வந்து சேர்ந்த அளவு இது. பத்தாயிரத்தில் மொட்டைமாடியில் முப்பது பேருக்குப் பிரியாணி போட்டு, ஒரு கிலோ கேக் வெட்டி, குழந்தைக்குப் பட்டுப்பாவாடையும் எடுத்துவிடலாம். தொகை முடிவானால், எத்தனை பேரைக் கூப்பிடுவது என்பது தானாக முடிவாகும். ஆளை முதலில் கூப்பிட்டுவிட்டால் இலைக் கணக்கு நம் கையில் இல்லை.

எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் என்றால் தொகையை அவர்களிடமே சொல்லிவிடலாம். "இந்த வருஷம் மூவாயிரம், உன் இஷ்டப்படி செய்வோம்" என்றால் அவர்கள் போடும் கணக்கு பெரும்பாலும் நம்முடையதைவிடச் சிக்கனமாக இருக்கிறது.

வெளியாட்களிடம் வேலையைக் கொடுப்பதாக இருந்தால், விசிட்டிங் கார்டு கதை உங்களுக்கு நேரக்கூடாது. தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ஏசி எவ்வளவு நேரம், திரை என்ன அளவு, எத்தனை போட்டோ, எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். கரண்ட், ஜெனரேட்டர், சுத்தம் செய்யும் கூலி ஆகியவை பேசிய தொகைக்குள் அடக்கமா, தனியா என்று கேளுங்கள். மண்டபக் கணக்கு எகிறுவது இந்த மூன்றில்தான். விழாவை ரத்து செய்தால் அட்வான்ஸில் எவ்வளவு திரும்பும் என்பதும் அந்தக் காகிதத்தில் இருக்க வேண்டும். சாப்பாட்டை இலைக் கணக்கில் பேசியிருந்தால், பந்தி தொடங்குவதற்கு முன் இலைக்கட்டை எண்ணவும், கடைசிப் பந்தி முடிந்ததும் மிச்சத்தை எண்ணவும் நம் வீட்டு ஆள் ஒருவரை நிறுத்துங்கள். இரவு பதினொரு மணிக்கு 150 இலையா 190 இலையா என்று சமையல்காரரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

இனி உரிமைகள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. கேட்டும் பில் தர மறுப்பதை அந்தச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பணம் வாங்கிக்கொண்டு பேசியதைச் செய்யாவிட்டால் அது சேவைக் குறைபாடு. "அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது" என்று ரசீதில் அச்சடித்துவிட்டால் மட்டும் செய்யாத வேலைக்கும் பணத்தை வைத்துக்கொள்ளும் உரிமை வந்துவிடாது. பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்க முடியாது. ஹோட்டலில் விருந்து வைத்தால் சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதைச் செல்லும் என்றது. நீக்கித் தரச் சொல்லுங்கள்.

ஏமாற்றப்பட்டால் முதலில் எழுத்தில் கேளுங்கள். அந்தத் தம்பதிக்கு நாங்கள் அதைத்தான் செய்தோம். கார்டில் விவரம் இல்லாவிட்டாலும், "இந்த ஸ்க்ரீன்தான் வைப்போம்" என்று விழா ஏற்பாடு செய்த ஆள் அனுப்பிய படம் வாட்ஸ்அப்பில் இருந்தது. ஜிபேயில் பணம் போன பதிவு இருந்தது. திரை இல்லாத மேடை உறவினர் ஒருவரின் செல்போன் வீடியோவில் இருந்தது. எல்லாவற்றையும் இணைத்து, 15 நாளில் 20,000 ரூபாய் திருப்பித் தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம் என்று ஸ்பீட் போஸ்டில் அனுப்பினோம். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்து 18,000 கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லோரும் இப்படி இறங்கி வர மாட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அங்கும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. எதிராளி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்துகளும் விழா நடக்கும் ஹாலில் இருக்கின்றன. பலூனுக்கு ஹீலியம் அடைப்பதாகச் சொல்லி, விலை குறைவு என்பதற்காக ஹைட்ரஜன் அடைப்பவர்கள் இருக்கிறார்கள். ஹைட்ரஜன் பலூன் கொத்து மெழுகுவர்த்திப் பக்கம் வந்தால் ஒரே நொடியில் தீப்பந்தாகிவிடும். ஹீலியம் தீப்பிடிக்காது, ஆனால் அதை அடைத்த சிலிண்டர் அதிக அழுத்தத்தில் இருக்கும். 2022 அக்டோபரில் திருச்சிக் கடைவீதியில் பலூன் சிலிண்டர் வெடித்து ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தார்கள். சிலிண்டரைக் குழந்தைகள் இருக்கும் இடத்துக்குள் கொண்டுவர விடாதீர்கள். நுரை ஸ்ப்ரேயை உந்தித் தள்ளுவது பெரும்பாலும் எரியக்கூடிய வாயு. மெழுகுவர்த்தி எரியும்போது பிறந்தநாள் பிள்ளையின் முகத்தில் அதை அடிப்பது விளையாட்டே அல்ல. வெடித்த பலூனின் ரப்பர்த் துண்டு குழந்தையின் தொண்டையை அடைத்துக்கொள்ளும், உடனுக்குடன் பொறுக்கிவிடுங்கள்.

ரிட்டர்ன் கிஃப்டாக மினுக்கும் பொம்மைகளை மொத்தமாக வாங்குகிறோம். அதிலிருக்கும் பொத்தான் பேட்டரியை ஒரு குழந்தை விழுங்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். முத்திரையும் பேட்டரி மூடியில் திருகாணியும் இல்லாத பொம்மையை வாங்காதீர்கள். பஞ்சுமிட்டாய் ஸ்டால் வைக்கலாமா என்று கேட்பார்கள். ரோடமைன்-பி என்ற சாயம் கண்டுபிடிக்கப்பட்டதால் 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது. வாயிலிருந்து புகை வரும் திரவ நைட்ரஜன் பிஸ்கட்டும் வேண்டாம், உணவுப் பாதுகாப்புத் துறை 2024 ஏப்ரலிலேயே எச்சரித்திருக்கிறது. கேக் பெட்டியில் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். கெட்டுப்போன உணவைப் பற்றிய புகாரை 94440 42322 என்ற துறையின் வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு அனுப்பலாம்.

கடைசியாகக் கடன். வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்காகச் சொல்கிறேன். தண்டலில் பத்தாயிரம் என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, தினம் நூறாக நூறு நாள் வாங்குகிறார்கள். அசல் நாளுக்கு நாள் குறைவதையும் சேர்த்துப் பார்த்தால் அது வருடத்துக்கு நூறு சதவீதத்தைத் தாண்டிய வட்டி. தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டின் சட்டம் தின வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடை செய்கிறது. மூன்று வருடம் வரை சிறையும் முப்பதாயிரம் வரை அபராதமும் உண்டு. அரசு நிர்ணயித்த வட்டியோடு அசலை நீதிமன்றத்தில் கட்டி விடுபடவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. கடன் கொடுத்தவர் மிரட்டினால் காவல் நிலையத்திலோ மாவட்ட ஆட்சியரின் குறைதீர் கூட்டத்திலோ மனு கொடுங்கள்.

பெண்கள் எடுக்கும் மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. எல்லாக் கடன்களின் தவணையும் சேர்த்துக் குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வந்து நிற்கக்கூடாது. செல்போன் செயலியில் கடன் எடுத்திருந்தால், உங்கள் போனில் இருக்கும் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்க அந்தச் செயலிக்கு அனுமதி இல்லை. உண்மையான வட்டி வருடத்துக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் முன்கூட்டியே காட்டியிருக்க வேண்டும். எடுத்த கடன் வேண்டாம் என்று தோன்றினால், குறைந்தது ஒரு நாள் அவகாசத்துக்குள் அசலையும் அதுவரையான வட்டியையும் கட்டி, அபராதம் இல்லாமல் விலகிக்கொள்ளலாம். படத்தை மாற்றி உறவினர்களுக்கு அனுப்புவேன் என்று மிரட்டினால் அது குற்றம். உடனே 1930 எண்ணில் சைபர் குற்றப் பிரிவைக் கூப்பிடுங்கள். மனம் ஒடிந்துபோனால் 104-இல் பேசுங்கள், ஆலோசகர் இருப்பார்.

வட்டிக்காரர் வாசலில் வந்து கத்தும்போது தெருவே பார்க்கிறதே என்ற வெட்கத்தில் பலர் மாதக்கணக்காக வாய்திறப்பதில்லை. வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. வாங்கிய பணம், கட்டிய பணம், தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பக்கத்தில் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு, இந்த வாரமே புகார் கொடுக்கப் புறப்படுங்கள்.