நியூயார்க்கையே வாசலில் காக்கவைத்த மிஸஸ் ஆஸ்டர்!

'தி கில்டட் ஏஜ்' வெப் சீரிஸ் பார்த்தவர்களுக்கு மிஸஸ் ஆஸ்டரை ஞாபகம் இருக்கும். கண் அசைத்தால் கதவு திறக்கும், புருவம் உயர்ந்தால் ஒரு குடும்பத்தின் மானமே போகும். அப்படி ஒரு அம்மாள்! அது கற்பனைப் பாத்திரம் இல்லை. நியூயார்க்கில் நிஜமாகவே வாழ்ந்தவர். அந்தப் பட்டுக்கும் வைரத்துக்கும் பின்னால் இருந்த வீட்டுக் கதை, சீரிஸில் வருவதைவிடக் கனமானது.

கரோலின் ஷெர்மர்ஹார்ன் 1830-ல் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. நியூயார்க்கில் ஆரம்ப காலத்திலேயே குடியேறிய டச்சு வம்சாவளி. 1853-ல் அவர் கைப்பிடித்த வில்லியம் ஆஸ்டரின் குடும்பத்திலோ பணம் கொட்டிக்கிடந்தது, பழம்பெருமைதான் குறைச்சல். வில்லியமின் தாத்தா, ஜெர்மனியிலிருந்து வந்த கசாப்புக் கடைக்காரர் மகன். மிருகத் தோல் வியாபாரத்திலும் மனை வாங்கியதிலும் கோடீஸ்வரர் ஆனவர். ஆக, மனைவி பக்கம் வம்சம், கணவர் பக்கம் பணம். இரண்டும் சேர்ந்தபோது நகரமே வளைந்து கொடுத்தது.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு ரயில்வே, இரும்பு, பங்குச்சந்தை என்று புதுப் பணக்காரர்கள் நியூயார்க்கில் குவிந்தார்கள். யாரைச் சேர்ப்பது, யாரை ஒதுக்குவது? அதைத் தீர்மானிக்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார் கரோலின். கூடவே ஆலோசகராக வார்டு மெக்அலிஸ்டர் என்பவர். நியூயார்க்கில் கணக்கில் கொள்ளத்தக்கவர்கள் மொத்தமே நானூறு பேர்தான் என்று சொல்லிப் பரபரப்பைக் கிளப்பியவர் அவர். மிஸஸ் ஆஸ்டர் வீட்டு நடனக்கூடத்தில் அவ்வளவு பேர்தான் பிடிக்கும், அதனால் வந்த கணக்கு என்றும் ஒரு பேச்சு உண்டு. 1892-ல் 'நியூயார்க் டைம்ஸ்' வெளியிட்ட பட்டியலை எண்ணிப் பார்த்தால் முந்நூறு சொச்சம்தான் வருகிறது. நானூறை நிரப்பக்கூட ஆள் கிடைக்கவில்லை போலும்!

அவருடைய விசிட்டிங் கார்டில் 'மிஸஸ் ஆஸ்டர்' என்று மட்டும்தான் இருக்கும். இதில் ஒரு குடும்பச் சண்டையே நடந்தது. 1890-ல் வில்லியமின் அண்ணன் இறந்ததும், அவருடைய மகன் வில்லியம் வால்டார்ஃப், இனி மூத்த கிளை நாங்கள்தான், அந்தப் பட்டம் என் மனைவிக்குத்தான் என்று கிளம்பினார். சித்தி அசைந்துகொடுக்கவில்லை. அவர் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தார். அதோடு விட்டாரா? பக்கத்திலேயே இருந்த தன் அப்பா வீட்டை இடித்துவிட்டு, 1893-ல் சித்தி வீட்டை ஒட்டினாற்போலப் பதின்மூன்று மாடி ஓட்டலை எழுப்பினார். அதுதான் வால்டார்ஃப். கடைசியில் கரோலினும் வீட்டை விட்டுக் கிளம்ப, அந்த இடத்தில் அவருடைய மகன் அஸ்டோரியா ஓட்டலைக் கட்டினார். இரண்டும் இணைந்துதான் உலகப் புகழ் வால்டார்ஃப் அஸ்டோரியா! அதையும் இடித்து எழுப்பியதே இன்றைய எம்பயர் ஸ்டேட் கட்டடம்.

சரி, வீட்டுக்குள் என்ன நிலவரம்?

வில்லியமுக்கு விருந்தும் நடனமும் ஆகாது. உல்லாசப் படகும் குதிரையும்தான் உயிர். வருஷத்தில் பெரும்பகுதி வெளியேதான். மனைவி ஊரையே வரவேற்கிற நாளிலும் கணவர் பெரும்பாலும் பக்கத்தில் இருக்க மாட்டார். ஐந்து பிள்ளைகளையும் வளர்த்து, வரன் பார்த்து, கட்டிக்கொடுக்கிற பாரம் பெரும்பாலும் கரோலின் தலையில்.

நான்கு பெண்களில் கடைசிப் பெண் கேரி. இவரை வைத்து ஒரு கதை பிரபலம். 1883 மார்ச்சில் ஆல்வா வாண்டர்பில்ட் மாபெரும் மாறுவேட நடன விருந்து வைத்தார். கேரி தோழிகளோடு மும்முரமாக நடனம் பழகிக்கொண்டிருந்தார். அழைப்பு மட்டும் வரவில்லை. 'உங்கள் அம்மா ஒரு தடவைகூட என் வீட்டுக்கு வந்ததில்லையே, தெரியாதவர்களை எப்படி அழைப்பது?' என்பது ஆல்வா தரப்பு நியாயம். நேரில் வந்து பத்திரிகை வைக்கவில்லை என்று கல்யாணத்துக்கே போகாமல் இருக்கும் நமக்கு இந்த நியாயம் சட்டெனப் புரியும். வாண்டர்பில்ட்களைப் புதுப் பணம் என்று ஒதுக்கிவைத்திருந்த மிஸஸ் ஆஸ்டர், ஆல்வா வீட்டு வாசலுக்கு வண்டியை விட்டு, தன் கார்டைக் கொடுத்தனுப்பினாராம். அழைப்பு வந்தது. மகளும் ஆடினார், அம்மாவும் போனார். இந்தக் கதை அப்படியே நடந்ததா என்பதில் வரலாற்று ஆசிரியர்களுக்குச் சந்தேகம் உண்டு. ஆனால், மகளுக்காக இறங்கிவந்தார் என்பதை நம்ப எனக்குக் கஷ்டமாக இல்லை. பின்னால் நடந்தவை அப்படி.

மூத்த மகள் எமிலி 1881-ல் பிரசவத்தில் இறந்துபோனார். பிறகு வந்தது 1892. பிப்ரவரியில் நானூறு பேர் பட்டியல் வெளியானபோது மிஸஸ் ஆஸ்டர் புகழின் உச்சியில் இருந்தார். சில வாரங்களிலேயே இன்னொரு மகள் சார்லட்டின் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. கல்யாணமான பெண், வேறொருவரோடு தொடர்பு என்று குற்றச்சாட்டு. சார்லட்டின் கணவர் அந்த ஆளை டூயல் சண்டைக்கு இழுத்த செய்தி அட்லாண்டிக்கின் இரண்டு கரைகளிலும் ஓடியது. அந்தக் களேபரம் அடங்குவதற்குள், ஏப்ரலில் பாரிஸில் வில்லியம் காலமானார். அடுத்த ஆண்டு மகள் ஹெலனும் போய்ச்சேர்ந்தார். இரண்டே வருடத்துக்குள் கணவர், ஒரு மகள், இன்னொரு மகளின் மானம்!

அந்தக் காலத்தில் விவாகரத்து ஆன பெண்ணுக்கு உயர்குடி வீடுகளின் கதவு சாத்தப்படும். அப்படிக் கதவைச் சாத்துவதையே வாழ்க்கையாக வைத்திருந்தவர் என்ன செய்தார்? சார்லட்டை அவர் ஒதுக்கவில்லை. 1896-ல் விவாகரத்து ஆகி மறுமணம் நடந்த பிறகும் அம்மா வீட்டுக் கதவு திறந்தே இருந்தது.

இதே கரோலினுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1895 ஜனவரி கடைசியில் மெக்அலிஸ்டர் இறந்தார். எத்தனையோ வருடம் விருந்துகளில் அவருக்கு வலக்கையாக இருந்த மனிதர். ஆனால், ஊர் விஷயங்களைப் புத்தகம் போட்டு, பத்திரிகைக்காரர்களிடம் வாய்விட்டு, பழைய நண்பர்களின் கோபத்தைச் சம்பாதித்திருந்தார். அவருடைய இறுதிச் சடங்குக்கு மிஸஸ் ஆஸ்டர் போகவில்லை. அன்றிரவு தன் வீட்டில் விருந்து நடத்தினார் என்று சொல்கிறார்கள். நானூறு பேர் பட்டியல் போட்டவரை வழியனுப்ப அந்தப் பட்டியலிலிருந்து வந்தவர்கள் வெகு சொற்பம். மகளிடம் காட்டிய ஈரத்தில் கொஞ்சம் இவருக்கும் காட்டியிருக்கலாம்.

அடுத்த வருடம் ஐந்தாவது அவென்யூவில், 65-வது தெரு முனையில் புது மாளிகைக்குக் குடியேறினார். பாதியில் அவர், பாதியில் மகன் ஜாக்கின் குடும்பம். நடனக்கூடத்தில் 1,200 பேர் கொள்ளுமாம். தன்னுடைய முழு உருவ ஓவியத்துக்குக் கீழே நின்று விருந்தினரை வரவேற்பார். கரோலஸ் டியூரான் வரைந்த அந்த ஓவியம் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுப்பு உடையில், கையுறையைக் கழற்றப்போவது போல நிற்கிறார்.

கடைசி சில வருடங்களில் நினைவு தப்பியது. கூட்டம் நின்றுபோனது. வராத விருந்தினர்களை வந்ததாக நினைத்து, நகைகள் அணிந்து, வாசலில் நின்று வரவேற்பார் என்று ஊரெல்லாம் பேச்சு. எடித் வார்ட்டன் 1928-ல் எழுதிய 'ஆஃப்டர் ஹோல்பைன்' சிறுகதைக்கு இதுதான் கரு என்பார்கள். வீட்டில் முதியவர்களின் மறதியைப் பார்த்தவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றாது.

1908 அக்டோபர் 30-ம் தேதி, 78 வயதில், அந்த மாளிகையிலேயே உயிர் பிரிந்தது. ஊருக்கு வடக்கே, 155-வது தெருவில் உள்ள டிரினிட்டி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். தோல் வியாபாரத் தாத்தா படுத்திருக்கும் அதே தோட்டம். அவருக்குப் பின் அந்த நாற்காலிக்கு ஒருவர் என்று யாரும் வரவில்லை. மாளிகை இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் இன்று யூதர்களின் வழிபாட்டுத் தலம் நிற்கிறது.

அம்மா போன அடுத்த வருடமே ஜாக்கின் மனைவி விவாகரத்து வழக்குப் போட்டார். ஜாக் 1911-ல் பதினெட்டு வயதுப் பெண்ணை மறுமணம் செய்துகொண்டார். அமெரிக்காவில் எழுந்த வம்புப் பேச்சிலிருந்து தள்ளியிருக்க எகிப்து, ஐரோப்பா என்று சுற்றிவிட்டு, மனைவியோடு ஊர் திரும்ப அவர் ஏறிய கப்பல், டைட்டானிக். கர்ப்பிணி மனைவியைப் படகில் ஏற்றிவிட்டு அவர் கப்பலிலேயே நின்றுகொண்டார். கடலிலிருந்து மீட்ட உடலை, அம்மா அடக்கமான அதே தோட்டத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள்.

வால் ஸ்ட்ரீட் முனையில் டிரினிட்டி தேவாலயம் இருக்கிறது. அதன் வளாகத்தில் அலெக்சாண்டர் ஹாமில்டன் சமாதியைப் பார்க்கத் தினமும் கூட்டம் வரும். அங்கேயே 39 அடி உயரத்தில் ஒரு கல் சிலுவையும் உண்டு. 1914-ல் எழுப்பியது. அதன் அடியில் யாரும் புதைக்கப்படவில்லை. கரோலினின் நினைவாக வைத்தது. வைத்தவர், அன்றைக்கு நடன அழைப்புக்காகக் காத்திருந்த மகள் கேரி.