ஒரு வாளி நீர், ஒரு சட்டி மணல்

பங்குனி கழிந்து சித்திரை பிறந்ததும், தில்லியிலும் நாகபுரியிலும் அகமதாபாதிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரே வகையான முறையீடு எழுகின்றது. இரண்டு வயதுக் குழந்தை வீட்டிற்குள் அடங்கி இருப்பதில்லை; வெளியே விடலாம் என்றாலோ, காலை ஒன்பது மணிக்கே வெயில் சுடுகின்றது. ஊரில் இருந்தால் பாட்டி வீட்டு முற்றம் உண்டு, கிணற்றடி உண்டு, வாசலில் வேப்பமர நிழல் உண்டு. இங்கே மூன்றாம் மாடியில் இரண்டு அறைகளும் ஒரு பால்கனியும் தவிர வேறு என்ன இருக்கின்றது என்று தாய்மார் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆயினும் அந்தப் பால்கனியும், ஒரு வாளி நீரும், ஒரு சட்டி மணலும், பெரியவர் ஒருவருடைய அரைமணி நேரமும் வாய்த்தால், தளர்நடைப் பருவத்துக் குழந்தைக்குக் கோடை இனிதே கழியும். இவற்றுள் கிடைத்தற்கு அரியது இறுதியிற் கூறிய அரைமணி நேரமே. ஏனையவற்றை விளக்கும்போதும் நாம் அதனை மறவாது பேச விரும்புகிறோம்.

குழந்தை நீரளைவதையும் மணலளைவதையும் அழுக்கென்றும் வீண்வேலையென்றும் கருதும் வழக்கம் நமக்கு அண்மையில் வந்தது. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் இவற்றைக் குழந்தைப் பருவத்தின் படிகளாகவே வைத்துப் பாடினர். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றிற் பருவம் உண்டு. சிறுமியர் தாம் மணலில் கட்டிய சிறு வீட்டைச் சிதைக்க வேண்டா என்று பாட்டுடைத் தலைவனாகிய குழந்தையை வேண்டுவது அதன் பொருள். பெண்பாற் பிள்ளைத்தமிழில் நீராடற் பருவம் உண்டு. நாச்சியார் திருமொழியில் ஆண்டாளும் சிற்றில் சிதைக்க வேண்டா எனக் கண்ணனிடம் முறையிடுவதை நேயர்களிற் பலர் அறிவர்.

இவ்விளையாட்டில் குழந்தை கற்பது யாது? உலர்ந்த மணலைக் குவளையில் நிரப்பிக் கவிழ்த்தால் அது சரிந்து குவியலாகின்றது. சிறிது நீர் தெளித்துப் பிசைந்து கவிழ்த்தால் குவளையின் வடிவிலேயே நிற்கின்றது. மேலும் நீர் ஊற்றினாலோ குழம்பாய் வழிந்துவிடுகின்றது. மணற்பரல்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் நீர் மெல்லிய பாலம் போல நின்று, தன் பரப்பு இழுவிசையால் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கின்றது. உலர்ந்த மணலில் அப்பாலம் இல்லை. பரல்களுக்கு இடைப்பட்ட வெளி முழுவதும் நீர் நிறைந்துவிட்டாலோ, இழுத்துப் பிடிப்பதற்குரிய மேற்பரப்பு இல்லாது போகின்றது. குழந்தைக்கு இந்தத் தத்துவம் தெரியாது. ஆனால் எவ்வளவு நீர் போதும் என்பதை அதன் கை சில நாட்களில் அறிந்துகொள்கின்றது.

சுவிட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் ழான் பியாஜே, அகன்ற குவளையில் உள்ள நீரைக் குழந்தையின் கண்ணெதிரிலேயே ஒடுங்கி உயர்ந்த குவளைக்கு மாற்றி, இப்போது நீர் கூடிவிட்டதா என்று கேட்டு ஆராய்ந்தார். ஆறேழு வயது ஆகும்வரை குழந்தைகள் பெரும்பாலும் உயர்ந்த குவளையில் மிகுதி என்றே கூறினர். அளவு மாறவில்லை என்பதைச் சொல்லிப் புரியவைத்தல் கடினம். பல நூறு முறை ஊற்றிப் பார்த்தே குழந்தை அவ்வுண்மையை நோக்கி நகர்கின்றது என்பது நம் கருத்து. 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலத்தில் கோடைக்கானலிலும் தங்கி, நம் நாட்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறையிலும், ஒரு கிண்ணியிலிருந்து மற்றொன்றிற்குச் சிந்தாமல் ஊற்றுவது ஒரு பயிற்சியாகும். முதலில் தானியம், பின்னர் நீர். தாராபாய் மோடக் அம்மையார் 1945இல், இன்றைய மகாராஷ்டிரத்தின் கடற்கரைச் சிற்றூராகிய போர்டியில் குழந்தைக் கல்விப் பணியைத் தொடங்கியபோது, விலையுயர்ந்த கருவிகள் இன்றி, ஊரில் கிடைக்கும் எளிய பொருள்களைக் கொண்டே கற்பிக்கலாம் என்று காட்டினார். ஆதலின் கடைகளில் விற்கும் வண்ண வண்ண விளையாட்டுத் தொட்டிகளைத் தேடி நேயர்கள் அலைய வேண்டியதில்லை.

அகன்ற பேசின் ஒன்று, அல்லது கட்டட வேலையில் சாந்து சுமக்கும் சட்டி ஒன்று போதும். தில்லியில் தஸ்லா என்றும் மும்பையில் கமேலா என்றும் கேட்டால் கிடைக்கும். இரும்புச் சட்டி வெயிலில் சுடும்; விளிம்பு மழுங்கிய பிளாஸ்டிக் சட்டியே நல்லது. அத்துடன் டம்ளர், கரண்டி, தேநீர் வடிகட்டி, புனல், சல்லடை, விளிம்பு தேய்த்த கொட்டாங்கச்சி, அடியில் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பா இவ்வளவே. கண்ணாடியும் பீங்கானும் கூடா. பத்துப் பொருள்களை ஒரே நாளில் பரப்பி வைப்பதினும், நாளுக்கு மூன்றைத் தந்து மாற்றி வைப்பது குழந்தையின் கவனத்தை நிலைக்கச் செய்யும்.

மணலில் எச்சரிக்கை தேவை. ஆற்று மணலே உகந்தது. தில்லிக் கடைக்காரர்கள் பதர்ப்பூர் என்று விற்கும் பருமணலும், பாறையை உடைத்து ஆக்கும் செயற்கை மணலும் கூர்முனைகள் உடையவை, தூசியும் மிகுதி. தெருவோரம் குவித்திருக்கும் மணலிலே பூனையும் நாயும் கழித்திருக்கக் கூடும். அவற்றின் வழியே புழுக்களின் முட்டைகள் குழந்தையின் கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் செல்லும். ஆகவே வாங்கிய மணலைச் சலித்து, கல்லையும் கிளிஞ்சலையும் நீக்கி, மேல்நீர் தெளியும்வரை பலமுறை அலசி, கொதிநீர் ஊற்றி, வெயிலிற் பரப்பிக் காயவைத்தல் வேண்டும். வடநாட்டு வெயில் இந்த ஒரு வேலைக்காவது பயன்படட்டும். ஒரு லிட்டர் மணல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையிருக்கும்; பால்கனிக்கு ஐந்தாறு லிட்டர் போதுமானது. விளையாடும்போது மணல் எப்போதும் சற்று ஈரமாக இருப்பின் தூசி பறவாது, கண்ணிலும் எளிதில் விழாது. விழுந்துவிட்டால் கசக்க விடாமல் தூய நீரால் கழுவ வேண்டும். கழுவிய பின்னும் உறுத்தல் நீங்காவிடின் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு சிட்டிகை மணலை வாயில் இட்டுத் துப்புவது இவ்வயதின் இயல்பு. நாள்தோறும் விரும்பித் தின்னுமாயின் அது விளையாட்டன்று. உடலில் இரும்புச் சத்துக் குறைந்திருக்கக் கூடுமாதலின் மருத்துவரைக் கலந்துகொள்வது அவசியம்.

எப்போது விளையாட விடுவது? இதற்கு நாடு முழுவதற்கும் ஒரே விடை கூற இயலாது. கடிகாரம் எங்கும் ஒன்றே. கதிரவன் எங்கும் ஒரே நேரத்தில் எழுவதில்லை. மே மாத நடுவில் கொல்கத்தாவில் காலை ஐந்து மணி அளவிலேயே சூரியன் உதித்துவிடுகின்றது. குவாஹாத்தியில் அதற்கும் முன்னர். தில்லியில் ஐந்தரை, மும்பையில் ஆறு மணி ஆகின்றது. ஆகவே மாட்டுங்காவில் எட்டு மணிக்கு அடிக்கும் வெயிலும் கொல்கத்தாவில் எட்டு மணிக்கு அடிக்கும் வெயிலும் ஒன்றல்ல. கிழக்கே இருப்பவர்கள் காலை ஏழு மணிக்குள் முடித்துக்கொள்வது நலம். மேற்கே எட்டு வரை விடலாம். மாலையில் இது தலைகீழாகின்றது. கொல்கத்தாவில் ஆறு மணிக்குப் பின் இருட்டத் தொடங்கும். தில்லியில் ஆறு மணிக்கும் தளம் கொதித்துக் கொண்டிருக்கும். புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். அங்கே உங்களால் வைத்திருக்க முடியாவிடின் அது குழந்தையின் பாதத்திற்கும் உரிய இடமன்று. லூ என்னும் அனற்காற்று வீசும் நாட்களில் மாலை விளையாட்டை விட்டுவிடலாம்.

மற்றொரு சிக்கல், மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்நீர். மே மாதப் பிற்பகலில் அது கையைச் சுடும் அளவிற்குக் காய்ந்திருக்கும். விடியற்காலையிலேயே பிடித்து நிழலில் வைத்த நீரே ஏற்றது. குழந்தையின் உடல் பெரியவர் உடலினும் விரைவாக வெப்பத்தை ஏற்பது. வியர்த்துத் தணியும் ஆற்றலும் அதற்குக் குறைவு. நீரில் விளையாடுகின்றதே, குளிர்ச்சியாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. தலைக்குத் துணித்தொப்பி, மெல்லிய பருத்தி ஆடை, இடையிடையே குடிக்க நல்ல நீர் அல்லது மோர் வேண்டும். முகம் சிவந்து, துவண்டு, சிறுநீர் குறைந்தால் உடனே உள்ளே அழைத்துச் சென்று ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வாந்தியோ மயக்கமோ கண்டால் ஒரு கணமும் தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இனி, தொடக்கத்தில் குறித்த அந்த அரைமணி நேரத்திற்கு வருவோம். தளர்நடைக் குழந்தையின் தலை, உடலோடு ஒப்பிட மிகவும் கனமானது. பாதி நிறைந்த வாளிக்குள் அது எட்டிப் பார்த்துத் தலைகீழாகச் சரிந்துவிட்டால், கைகளை ஊன்றி எழும் வலிமை அதற்கு இல்லை. மூக்கும் வாயும் மூழ்கும் அளவு, அதாவது இரண்டு அங்குல நீர் இருந்தால் போதும், உயிருக்கு ஆபத்து நேர்ந்துவிடும். திரைப்படங்களில் காண்பதுபோல் அக்குழந்தை கூச்சலிடுவதில்லை, கையை வீசுவதில்லை. ஓசையின்றி, சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடுகின்றது. தொலைபேசி மணியடித்தது, பால்காரர் வந்தார், குக்கரை இறக்கச் சென்றோம் என்னும் சிறு இடைவெளிகளே இதற்குப் போதுமானவை. ஆகவே எழ நேர்ந்தால் குழந்தையையும் தூக்கிக்கொண்டே எழ வேண்டும். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு அருகில் அமர்ந்திருப்பது காவல் ஆகாது. ஐந்து வயது அக்காளை நம்பித் தம்பியை விடுவதும் காவல் ஆகாது. அக்காளும் குழந்தையே அன்றோ?

விளையாட்டுச் சட்டியில் நான்கு விரல் உயரத்திற்குமேல் நீர் வேண்டா. ஆயினும் உண்மையான அச்சம் விளையாட்டுச் சட்டியைவிடக் குளியலறையிலேயே இருக்கின்றது என்று நாம் கருதுகிறோம். வேளைக்கு வேளை மட்டுமே குழாயில் நீர் வரும் நகரங்களில், அண்டாவிலும் டிரம்மிலும் வாளியிலும் நிரப்பி வைக்காத வீடு அரிது. நீரில் விளையாடிச் சுவை கண்ட குழந்தை, பிற்பகலில் நீங்கள் கண்ணயர்ந்தபோது அங்கேதான் செல்லும். டிரம்முக்கு இறுகிய மூடி வேண்டும். குளியலறைக் கதவிற்குக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத வீட்டில், அவற்றை அமைத்த பின்னரே நீர் விளையாட்டைத் தொடங்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.

பால்கனியில் மற்றுமொரு கவனம் உண்டு. கவிழ்த்த வாளியும், மண்தொட்டியும், முக்காலியும் குழந்தைக்குப் படிக்கட்டுகள். கைப்பிடிச் சுவருக்கு அருகே அவை இருத்தல் ஆகாது. கூலர் வைத்துள்ள வீடுகளில் அதன் அருகே நீர் விளையாட்டே கூடாது. ஈரக்கையோடு அதன் இரும்புக் கூட்டைத் தொட்டால் மின்தாக்கு நேரக் கூடும். கீழ்வீட்டுக்காரர் உலர்த்திய ஆடைமேல் மணல்நீர் சொட்டினால் நேரும் தாக்கைப் பற்றி நாம் சொல்லவேண்டியதில்லை. பழைய போர்வை ஒன்றைச் சட்டிக்கு அடியில் விரிப்பது நட்பைக் காக்கும்.

கடைகளில் கடுகளவாக விற்று, நீரில் ஊறினால் கோலிக்குண்டு போல் பருக்கும் வண்ண மணிகளை வீட்டிற்குள்ளேயே விடாதீர்கள். விழுங்கினால் அவை குடலினுள் பருத்து அடைத்துக்கொள்ளும். அறுவை செய்து எடுக்கும்படி ஆகும். ஹோலிக்கு மீந்த பலூன்களும் அவ்வாறே. கிழிந்த பலூன் துண்டு தொண்டையில் ஒட்டிக்கொண்டால் மூச்சு நின்றுவிடும்.

காவலுக்காக எப்படியும் அருகில் அமர்ந்திருக்கப் போகின்றோம். அந்நேரத்தில் வாய் சும்மா இருப்பானேன்? வெளிமாநிலத்தில் வளரும் நம் குழந்தைக்குக் கீழ்வீட்டுத் தோழர்களிடமிருந்து பானி வந்துவிடும். கொல்கத்தாவில் ஜோல் வந்துவிடும். மணல் என்பது ரேத் என்றோ, பாலி என்றோ, வாளூ என்றோ தானே வந்து ஒட்டிக்கொள்ளும். அவை வரட்டும், நன்மையே. ஆனால் மொள், ஊற்று, தெளி, சிந்தாதே, கவிழ், சலி, வடிகட்டு, பிசை, தளும்புகிறது, சொட்டுகிறது, வழிகிறது, மிதக்கிறது, மூழ்கிவிட்டது என்னும் சொற்களை யார் தருவார்? படப் புத்தகத்தில் யானையையும் மாம்பழத்தையும் காட்டிப் பெயர்ச்சொற்களைக் கற்பித்து விடலாம். வினைச்சொல் செயலோடு சேர்ந்தே உள்ளே இறங்கும். தளும்பும் குவளையைக் கையில் ஏந்தியிருக்கும் அந்தக் கணத்தில், “பார், தளும்புகிறது” என்று ஒருமுறை கேட்ட குழந்தைக்கு அச்சொல்லை மறுமுறை விளக்க வேண்டியிராது. கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுச் சோதிக்க வேண்டா. அது செய்வதை நாம் சொல்லிக்கொண்டே வந்தால் போதும். ஊரிலிருந்து கோடைக்கு வந்திருக்கும் பாட்டியைவிட இதற்குத் தகுந்த ஆசிரியர் இல்லை. காலையில் அரைமணி நேரம் அமர்ந்திருக்கவும் அவருக்கு இயலும்; ஆனால் தாவிப் பிடிக்க இயலாத முதியவராயின் உடன் மற்றொருவரும் இருக்க வேண்டும்.

விளையாட்டு முடிந்ததும், குழந்தையைத் தூக்கிக்கொண்டே முதலில் நீரைக் கொட்டிவிட வேண்டும். பின்னரே கைகால் கழுவுதலும் உடை மாற்றலும். சட்டியில் ஊற்றிய ஏழெட்டு லிட்டர் நீரைத் துளசிக்கும் மற்றச் செடிகளுக்கும் விடலாம், தளம் கழுவலாம். நீர்ப்பஞ்சம் அறிந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டா. ஆனால் மணற்சட்டியை அலசிய நீரைச் சாக்கடைக் குழாயில் ஊற்றினால் மணல் அடைத்துக்கொள்ளும். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு தெளிந்த நீர் தேங்கும் பாத்திரங்களின் உட்சுவரில் முட்டையிடுகின்றது. நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் உயிரோடு ஒட்டியிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். கூலரின் தொட்டிக்கும் இதுவே விதி.

பருவமழை மும்பையை ஜூன் 11ஆம் நாள் அளவிலும் தில்லியை 27ஆம் நாள் அளவிலும் வந்தடைவது வழக்கம். அதற்கு முன்னரே ஒரு வெயில் நாளில் மணலைப் பரப்பி நன்கு உலர்த்தி, சாக்கில் கட்டி, நனையாத இடத்தில் வைத்துவிட்டால் அடுத்த பங்குனிக்கு மீண்டும் ஒருமுறை சலித்து அலசுவதோடு வேலை முடிந்துவிடும்.