விலக்குக் குறியும் புள்ளியெழுத்தும்

பொன் விளைந்த மண் எங்கள் கோலார் தங்கவயல். 1880 இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது. 2001 பிப்ரவரி 28 இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் வடார்க்காட்டிலிருந்து சென்ற தமிழர் பலர் அங்கே பாறையைப் பிளந்து வாழ்ந்தனர். அவர்தம் பெயர்கள் பதிவேடுகளில் உறங்குகின்றன. அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றித் தேட விரும்பும் தோழர்கட்காகவே இதை எழுதுகிறேன். தேடும் குறி ஒன்று பிழைத்தால், உழைத்த ஒருவரின் பெயர் ‘இல்லை’ என்றாகிவிடும் அன்றோ?

முழுப்பெயர் தெரியாதபோது தேடுவதற்குத் தரவுத்தளத்தில் ‘லைக்’ என்னும் கட்டளைச் சொல் உண்டு. அதில் இரு குறிகள் தனி ஆற்றல் பெற்றவை. % என்பது எத்தனை எழுத்துக்கும் நிற்கும். _ என்பது ஒரே ஓர் எழுத்துக்கு நிற்கும். ‘மாரி%’ என்று கேட்டால் மாரிமுத்துவும் வருவார், மாரியம்மாளும் வருவார், மாரிக்குப்பமும் வரும்.

பதிவேட்டிலேயே ‘மாரிக்குப்பம்_2’ என்று எழுதியிருந்தால் என் செய்வது? அப்படியே கேட்டால் ‘மாரிக்குப்பம்-2’, ‘மாரிக்குப்பம்/2’ ஆகியவையும் கூடவே வந்து நிற்கும். இதற்காக ஏற்பட்டதே விலக்குக் குறி. ‘எஸ்கேப்’ என்று சொல்லி ! என்னும் குறியை அறிவித்துவிட்டு, ‘மாரிக்குப்பம்!_2’ என எழுதினால், _ தன் ஆற்றலை இழந்து வெறும் கோடாகிவிடும். தமிழில் புள்ளி செய்யும் வேலையும் இதுவே. ‘க’ என்பதன்மேல் புள்ளி வைத்தால் அதனுள் இருந்த அகரம் நீங்கிவிடுகிறது.

எழுத்தின்றிப் புள்ளி மட்டும் நிற்குமா? நில்லாது. விலக்குக் குறியும் அவ்வாறே. தேடுதொடரின் இறுதியில் அது தனித்து நின்றால் பிழை. அதற்குப்பின் %, _, அல்லது அக்குறியே வராமல் வேறு எழுத்து வந்தாலும் எஸ்கியூஎல் பொதுநெறிப்படி பிழையே. அதன் எண் 22025. ஆரக்கிள் இதை மறுத்துவிடும். போஸ்ட்கிரெஸோ அவ்வெழுத்தை வெறும் எழுத்தாகக் கொண்டு பேசாமல் போய்விடும். ஒரே கேள்விக்கு இரு மறுமொழி!

விலக்குக் குறி ஒற்றை எழுத்தாக இருத்தல் வேண்டும். இல்லையேல் பிழை எண் 22019. இங்கே தமிழர்க்கு ஒரு வியப்பு உண்டு. ‘கோ’ நம் கண்ணுக்கு ஓரெழுத்து. யூனிகோடு முறையிலோ ககரமும் ஓகாரக் குறியும் சேர்ந்து இரண்டு. ஆகவே அது விலக்குக் குறியாகாது. ‘கோலார்’ என்பதை _ கொண்டு தேடினால் மூன்று கோடுகள் போதா, ஆறு வேண்டும்.

இனிக் கையாளும் வழியைக் காண்போம். பயனர் தட்டிய சொல்லில் முதலில் விலக்குக் குறியை இரட்டிக்க வேண்டும். அதன் பின்னரே % _ ஆகியவற்றின் முன் அதனை இடவேண்டும். வரிசை மாறினால் ‘!%’ என்பது ‘!!%’ ஆகி, அடக்கிய % மீண்டும் ஆற்றல் பெற்றுவிடும். இவ்வளவும் முடிந்த பிறகே நம்முடைய % குறியை இறுதியில் சேர்க்கலாம். விலக்குக் குறியை வெளிப்படையாக அறிவிப்பதும் நன்று. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் இரண்டும் சொல்லாமலே \ என்பதை விலக்குக் குறியாகக் கொள்கின்றன. ஆரக்கிளும் எஸ்கியூஎல்லைட்டும் அவ்வாறு கொள்வதில்லை. பயனர் ‘உரிகம்\’ என்று தட்ட, நாம் % சேர்த்தால், முன்னவற்றில் அந்த \ நம் குறியையே முடக்கிவிடும். பிழைச்செய்தியும் வராது, பெயரும் வராது.

ஆதலின் பிழைச்செய்தியைக் கண்டு அஞ்ச வேண்டா. பிழை நேர்ந்தபோது அதை மறைத்து வெற்றுப் பட்டியலைக் காட்டும் நிரலே அஞ்சத்தக்கது. கணவரின் பணிக்காலத்தைத் தேடி வரும் ஒரு மூதாட்டிக்கு ‘தேட இயலவில்லை’ என்பதும் ‘அப்படி ஒருவர் இல்லை’ என்பதும் ஒன்றாகுமா? நிரல் எழுதும் தோழர்கள் இவ்வேறுபாட்டை மறவாதிருக்க வேண்டும்.