ரேடியேட்டர் தண்ணி எங்கே மாயமாகிறது?

கோயம்பேட்டுக்கு ராத்திரியோடு ராத்திரியாகக் காய்கறி ஏற்றி வரும் டீசல் பிக்-அப் வேன்காரர்களுக்கு இது பழகிய தொல்லை. ஊற்றிய கூலன்ட் குறைகிறது. கீழே ஒரு சொட்டுகூட இல்லை! "ஊத்திட்டு ஓட்டுப்பா" என்ற பேச்சுதான் என்ஜினுக்கே உலை வைக்கிறது.

வெளியே ஒழுகாதது உள்ளே போகிறது. ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். பால் காபி நிறமா? தண்ணி கலந்தாச்சு, ஸ்டார்ட் பண்ணவே கூடாது. ஆயில் சுத்தமா? ஆறின என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். (சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும்!) விடாமல் குமிழி வந்தால், பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட் போச்சு.

குமிழி இல்லை, வெள்ளைப் புகை மட்டுமா? புது மாடல் வண்டியானால், ஹெட்டைக் கழற்றுமுன் ஈ.ஜி.ஆர். கூலரைச் சோதிக்கச் சொல்லுங்கள். அது உள்ளே ஒழுகினாலும் இதே புகைதான். கழற்றியே ஆகவேண்டுமென்றால், வளைவு பார்க்காமல் மூட விடாதீர்கள். வளைந்த ஹெட்டில் புது கேஸ்கெட் நிற்காது.