உங்களுக்குத் தெரியுமா? ஒரே எஃகு, இரண்டு குணம்

ஒரு பொருளின் கலவை தெரிந்தால் குணமும் தெரிந்துவிடும் என்ற எண்ணம், பொருளறிவியல் படிக்கும் வேதியியல் மாணவர்களிடம் முதலில் ஆட்டம் காண்பது எஃகில்தான். 0.8 சதவீதம் கார்பன் உள்ள எஃகை இரண்டு துண்டாக்கி, 800 டிகிரி செல்சியஸில் பழுக்கக் காய்ச்சுகிறார்கள். உலைக்குள்ளேயே மெல்ல ஆறிய துண்டு அரத்துக்கு இணங்கும். தண்ணீரில் சட்டென்று முக்கியதிலோ அரம் வழுக்கும். சுத்தியல் பட்டால் உடையும். கலவை இரண்டிலும் ஒன்றே!

மெல்ல ஆறும்போது கார்பன் நகர்ந்து, இரும்புக் கார்பைடு அடுக்குகளாகப் பிரிகிறது. நுண்ணோக்கியில் வரிவரியாக அழகாகத் தெரியும். சட்டென்று குளிர்ந்தால் நகர நேரமின்றிப் படிகக் கூட்டுக்குள்ளேயே சிக்கி, கூட்டை இழுத்து நீட்டிவிடுகிறது. கடினம் பிறப்பது அந்த நெருக்கடியில்தான். பிறகு 200 டிகிரிக்குச் சற்று மேலே மறுபடி சூடாக்கினால், நொறுங்கும் தன்மை தணியும். உளிகள் இப்படித்தான் பதம் பெறுகின்றன.